ஆறிவரும் இதயத்தைப் பார்த்த கதை

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களும் ஓய்வுபெற்ற சொல்தாக்களும் மாரடைப்பை இன்னமும் 'அன்ஃபார்க்துய்ஸ்' என்றுதான் சொல்வார்கள். மாலையில் கடற்கரையில் காற்று வாங்க உட்காரும் எங்கள் கூட்டத்தில் வாரத்துக்கு ஒரு முறையாவது அந்தச் சொல் காதில் விழும். எழுபதைத் தாண்டியவர்கள் கூடினால் வேறு என்ன பேசுவோம்?

அந்தச் சொல்லுக்கு லத்தீனில் 'திணிப்பது' என்று பொருள். தக்காளிக்குள் கொத்துக்கறி திணித்துச் சமைக்கும் 'தொமாத் ஃபார்சி' எங்கள் ஊரில் பலருக்குத் தெரியும். இரண்டுக்கும் வேர் ஒன்றே. இரத்த ஓட்டம் நின்று செத்துப்போன சதையை அறுத்துப் பார்த்த பழைய மருத்துவர்களுக்கு, அதற்குள் இரத்தம் திணிக்கப்பட்டிருப்பதாகத் தோன்றியது. அதனால் அந்தப் பெயர். தமிழில் நாம் 'மாரடைப்பு' என்கிறோம். நம் சொல் காரணத்தைச் சொல்கிறது, பிரெஞ்சுச் சொல் விளைவைச் சொல்கிறது. அடைப்பு சில நிமிடத்தில் நிகழ்ந்துவிடும். அதன் பிறகு அந்தச் சதைக்குள் நடப்பது வாரக்கணக்கில் நீளும். இந்தக் கட்டுரை அந்த வாரங்களைப் பற்றியது. அந்த நாட்களில் இதயத்துக்குள் ஒரு நெருப்பு எரிகிறது. உயிரோடு இருப்பவரின் மார்புக்குள் அதைக் கண்ணால் பார்க்க மனிதர்கள் நூறு வருடத்துக்கு மேல் முயன்றார்கள்.

நெருப்பு என்று நானாகச் சொல்லவில்லை. அழற்சி என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் உள்ள சொல்லுக்குள் இருக்கும் 'ஃபிளாமா'வும் தீதான். முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்ற ரோமானியர் அழற்சிக்கு நான்கு அடையாளம் எழுதி வைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. தமிழ் இன்னொரு படி மேலே போகிறது. காயம் ஆறுகிறது, காப்பியும் ஆறுகிறது. இரண்டுக்கும் நாம் ஒரே வினையைத்தான் பயன்படுத்துகிறோம். தீ வந்து, தன் வேலையைச் செய்து, பின் தணிய வேண்டும் என்பது நம் மொழிக்கு முன்பே தெரிந்திருக்கிறது போலும்.

விரலில் முள் குத்தினால் செல்சஸ் சொன்ன நான்கையும் பார்த்துக்கொள்ளலாம். இதயத்தில் குத்தினால்?

மெஸ்ஸினாவில் ஒரு முள்

முள் என்றதும் எலி மெச்னிகோஃப் நினைவுக்கு வருகிறார். பிரெஞ்சுக்காரர்கள் அவரைத் தங்கள் ஆளாகவே பேசுவார்கள். உண்மையில் அவர் ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். 1882 டிசம்பரில் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் குடும்பத்தோடு தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸில் குரங்கு வித்தை பார்க்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் நுண்ணோக்கியோடு வீட்டிலிருந்தார். அவர் முன் இருந்தவை நட்சத்திர மீனின் குஞ்சுகள். அவற்றின் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே செல்கள் ஊர்வதை அப்படியே பார்க்கலாம்.

வெளியிலிருந்து ஏதாவது உள்ளே நுழைந்தால் இந்த ஊரும் செல்கள் அதை எதிர்த்துத் திரளுமோ என்று அவருக்குத் தோன்றியது. தோட்டத்தில் ரோஜா முட்களைப் பறித்து வந்து குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. அவற்றுக்கு விழுங்கிகள் என்ற பொருளில் 'ஃபாகோசைட்' என்ற பெயர் வந்தது. பெரிய விழுங்கிகளை அவர் 'மேக்ரோஃபேஜ்' என்றார். அந்தப் பெயரைத்தான் இன்றைய இதய மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

அதற்கு முன்பே, 1867-ல், ஜெர்மனியில் கோன்ஹைம் என்பவர் தவளையின் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியில் வைத்து, அழற்சியின்போது வெள்ளணுக்கள் இரத்தக் குழாயின் சுவரைத் தாண்டி வெளியே வருவதைப் பார்த்திருந்தார். அன்று பலரும் அதை நோயின் சேதமாகவே கருதினார்கள். மெச்னிகோஃப் அதைத் தலைகீழாகப் படித்தார்: வருகிறவை சேதத்தின் அடையாளம் அல்ல, சேதத்தைச் சரிசெய்ய வந்த ஆட்கள். 1888-ல் பாஸ்தர் அவருக்குப் பாரீசில் தம் நிறுவனத்தில் இடம் கொடுத்தார். 1891-ல் அங்கே அழற்சியைப் பற்றியே தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார்; அடுத்த வருடம் அவை பிரெஞ்சில் நூலாக வந்தன. 1908-ல் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தக் கதையில் நான் கவனிக்கச் சொல்வது குஞ்சின் உடல் கண்ணாடியாக இருந்தது என்பதை. அது ஒளி புகாத உடலாக இருந்திருந்தால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரு விதத்தில் மனித மார்பைக் கண்ணாடியாக்க முயன்றவர்களே.

ஆறு வாரப் படுக்கை

நெடுங்காலம் அதற்கு ஒரே வழி பிரேதப் பரிசோதனைதான். 1912-ல் சிகாகோவைச் சேர்ந்த ஹெரிக் என்ற மருத்துவர், இதயத் தமனி திடீரென அடைபட்டாலும் நோயாளி பிழைக்க முடியும் என்று எழுதினார். அதற்கு முன் அது உடனடி மரணம் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். பிழைப்பவர் இருக்கிறார் என்றால் அடுத்த கேள்வி வருகிறது: பிழைத்தவரின் இதயம் எத்தனை நாளில் ஆறும்?

1939-ல் அமெரிக்காவில் மல்லரி, ஒயிட், சல்சேடோ-சால்கர் ஆகிய மூவர் 72 பேரின் இதயங்களை ஆராய்ந்து ஒரு கால அட்டவணை தந்தார்கள். நோயாளி மாரடைப்புக்குப் பின் எத்தனையாம் நாள் இறந்தார் என்பது தெரியும். அந்த நாளில் சதை எப்படி இருந்தது என்பது நுண்ணோக்கியில் தெரியும். இரண்டையும் வரிசையாக அடுக்கினால் ஆறும் கதை கிடைத்துவிடுகிறது. முதல் சில நாட்களில் ஒரு வகை வெள்ளணுக்கள் குவிகின்றன. அடுத்து மேக்ரோஃபேஜ்கள் வந்து செத்த சதையை விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. பிறகு புது இரத்தக் குழாய்களும் நார் நெய்யும் செல்களும் ஓரத்திலிருந்து உள்நோக்கி வளர்கின்றன. சிறு காயம் ஐந்தாறு வாரத்திலும் பெரிய காயம் இரண்டு மாதத்திலும் வெளிறிய தழும்பாகிறது.

இடையில் ஓர் அபாயமான கட்டம் இருக்கிறது. முதல் வாரத்தில் பழைய சுவர் இடிக்கப்பட்டிருக்கும், புதுச் சுவர் எழும்பியிருக்காது. அந்த நாட்களில் இதயச் சுவர் கிழிந்து இறந்தவர்கள் உண்டு. இந்தப் பயத்தில்தான் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரம் அசையாமல் படுக்க வைத்தார்கள்.

என் பெரியப்பாவுக்கு அறுபதுகளில் அப்படித்தான் வைத்தியம் நடந்தது. முன்கூடத்துக் கட்டிலில் ஆறு வாரம். முகம் மழிக்க ஆள் வருவார், கஞ்சியை ஊட்டிவிடுவார்கள். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே பெரியம்மா வெளியே போய் அதட்டுவார். அவர் பிழைத்தார், கால்கள்தாம் தேய்ந்த குச்சிகள் போல் ஆகிவிட்டன. அமெரிக்காவில் அதற்குள் காற்று மாறியிருந்தது. 1952-ல் லெவின், லோன் என்ற இருவர், நோயாளியைச் சீக்கிரமே சாய்வு நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று 81 பேரின் அனுபவத்தோடு எழுதியிருந்தார்கள். 1955-ல் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவரைப் பார்த்தவர், 1939-ல் அந்த அட்டவணையைப் போட்ட மூவரில் ஒருவரான ஒயிட். அவரே நோயாளியைக் காலத்தோடு எழுப்பி உட்கார வைக்கும் பக்கம் வந்திருந்தார். செய்தி எங்கள் முன்கூடத்துக் கட்டிலுக்கு வந்து சேரப் பல வருடம் ஆயிற்று.

அந்த அட்டவணையின் குறை ஒன்றுதான்: அது இறந்தவர்களின் அட்டவணை. நாற்பத்திரண்டு வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முடிந்துபோன கோப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, இப்போது மேசையில் இருக்கும் கோப்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

கண்ணை மூடிக்கொண்டு அணைத்த தீ

எழுபதுகளில் ஒரு யோசனை வந்தது. அழற்சிதான் பிரச்சினை என்றால் அதை மருந்தால் அடக்கிவிட்டால் என்ன? மூட்டு வீக்கத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் அற்புதமாக வேலை செய்த ஸ்டெராய்டு மருந்து கையில் இருந்தது. மாரடைப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

1974-ல் வெளிவந்த ஒரு கட்டுரை, ஸ்டெராய்டு பெற்றவர்களின் இதயத்தில் காயம் ஆறத் தாமதமானதையும், சுவர் மெலிந்து புடைத்துக்கொண்டதையும் சுட்டிக்காட்டியது. 1976-ல் ராபர்ட்ஸ், டிமெல்லோ, சோபெல் ஆகியோர், அந்த மருந்தைப் பல தவணையாகப் பெற்றவர்களுக்குச் சேதம் கூடியது என்றும் இதயத் துடிப்புக் கோளாறுகள் அதிகமாயின என்றும் தெரிவித்தார்கள். பிற்காலத்தில் பழைய ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்கள், கேடு அவ்வளவு பெரிதல்ல என்றார்கள். ஆனால் அந்த வைத்தியம் அன்றோடு கைவிடப்பட்டது.

காரணம் இப்போது நமக்குப் புரியும். இடிந்த வீட்டில் குப்பை அள்ள வந்தவர்களை விரட்டிவிட்டால், கொத்தனார் எங்கே நின்று சுவர் எழுப்புவார்? அதே நேரத்தில், குப்பை அள்ள வந்தவர்கள் போகவே மாட்டோம் என்று தங்கி நல்ல சுவரையும் இடிக்கத் தொடங்கினால் அதுவும் நாசம். அழற்சி குறைந்தாலும் கேடு, நீடித்தாலும் கேடு. இந்த நோயாளிக்கு இன்று எது நடக்கிறது என்பது தெரியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் ஊசி போடுவதுதான்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்ற சதையைப் போல இதயச் சதை புதிதாக முளைப்பதில்லை. 2009-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு விசித்திரமான வழியில் இதைக் கணக்கிட்டார்கள். பனிப்போர்க் காலத்து அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14, மனிதர்களின் செல்களுக்குள்ளும் பதிந்திருந்தது. அதை அளந்து செல்களின் வயதைக் கண்டார்கள். 25 வயதில் இதயச் சதைச் செல்களில் வருடத்துக்கு ஒரு சதவீதம் புதுப்பிக்கப்படுகிறது. 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு. ஆகவே என் வயதில் இதயத்துக்கு நல்ல தழும்புதான் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த பரிசு. தழும்பு உறுதியாக அமைந்தால் மீதி இதயம் சுமையைத் தாங்கும். மெலிந்து விரிந்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், இதயம் மெல்லத் தளரும்.

பாரீசிலிருந்து ஒரு வெளிச்சம்

மார்பைக் கண்ணாடியாக்கிய வெளிச்சங்களில் ஒன்று பாரீசில் ஏற்றப்பட்டது. 1934 ஜனவரியில் மேரி கியூரியின் மகள் இரேனும் மருமகன் ஃபிரெடெரிக் ஜோலியோவும் அலுமினியத் தகட்டைக் கதிர்களால் தாக்கி, இயற்கையில் இல்லாத கதிரியக்கப் பாஸ்பரஸை உண்டாக்கினார்கள். சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும் பொருள் அது. அதிலிருந்து வெளிவந்தவை பாசிட்ரான்கள், அதாவது நேர்மின் கொண்ட எலெக்ட்ரான்கள். அந்தக் கதிரியக்கத்தைக் கண்ட மகிழ்ச்சியோடு மேரி கியூரி அதே வருடம் ஜூலையில் காலமானார். மறு வருடம் மகளுக்கும் மருமகனுக்கும் நோபல் பரிசு. தாயின் பெயரைப் பள்ளிப் புத்தகத்தில் படித்தவர்கள் பலர். மகளின் கண்டுபிடிப்பு இன்று ஆஸ்பத்திரியில் தம் உடம்புக்குள் ஏறுகிறது என்பதை அறிந்தவர்கள் சிலரே.

செயற்கைக் கதிரியக்கத்தால் எந்தப் பொருளுக்கும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டி உடலுக்குள் அனுப்பி, அது எங்கே போகிறது என்று வெளியிலிருந்து பின்தொடர முடிந்தது. இதயத்தின் அழற்சியைத் தேட அப்படிச் சீட்டு ஒட்டப்பட்டவற்றில் வெள்ளணுக்களும் உண்டு. எழுபதுகளில் லண்டனில் தாக்கூரும் சகாக்களும், நோயாளியின் இரத்தத்தை எடுத்து வெள்ளணுக்களைப் பிரித்து, இண்டியம்-111 ஏற்றி, அவருக்கே திரும்பச் செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். எங்காவது சீழ் ஒளிந்திருந்தால் அணுக்கள் அங்கே போய்ச் சேரும், கேமராவில் தெரியும். 1981-ல் இதே முறையை மாரடைப்பு நோயாளிகளிடம் செய்து, காயம்பட்ட இடத்தில் அணுக்கள் குவிவதைப் படமெடுத்து வெளியிட்டார்கள். படம் மங்கல். ஆனாலும் மெஸ்ஸினாவில் முள்ளைச் சுற்றி மொய்த்த கூட்டத்தை, உயிரோடு இருக்கும் மனிதரின் மார்புக்குள் பார்த்தாயிற்று.

அடுத்தது சர்க்கரை. 1976-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில், குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் பாசிட்ரான் வெளியிடும் ஃபுளோரின்-18-ஐப் பொருத்தி, விமானத்தில் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். அதன் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகும் என்பதால் விமானம் தாமதமானால் வீண். பசித்த செல்கள் இதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுக்கும். ஆனால் முழுதாகச் செரிக்க முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து வரும் பாசிட்ரான் ஓர் எலெக்ட்ரானைச் சந்தித்து அழியும்போது இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாயும். சுற்றியுள்ள வளையக் கருவி அவற்றைப் பிடித்து, கதிர் கிளம்பிய இடத்தைக் கணக்கிடும். நாம் பெட் ஸ்கேன் என்று சொல்வது இதைத்தான்.

அழற்சிச் செல்கள் பெருந்தீனிக்காரர்கள். சர்க்கரையை நிறைய இழுப்பார்கள். ஆகவே அவர்கள் இருக்குமிடம் படத்தில் ஒளிரும். ஆனால் இதயத்தில் ஒரு சிக்கல்: ஓயாமல் உழைக்கும் இதயச் சதையும் சர்க்கரை தின்கிறது. வீடு முழுக்க விளக்கு எரிந்தால் தீ எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்குக் கண்டுபிடித்த தந்திரம் சமையலறையைச் சேர்ந்தது. முதல் நாள் நோயாளிக்கு மாவுப்பொருள் கூடாது. இட்லி, சோறு, பழம், சர்க்கரை எதுவும் கூடாது. முட்டை, மீன், கறி, கொழுப்பு மட்டும். பிறகு இரவெல்லாம் பட்டினி. சர்க்கரை கிடைக்காத இதயச் சதை கொழுப்பை எரிக்கத் தொடங்கிவிடும். அழற்சிச் செல்கள் அப்படி மாறுவதில்லை. மறுநாள் ஊசி போட்டால் வீட்டு விளக்குகள் அணைந்திருக்கும், தீ மட்டும் தெரியும். எல்லோரிடமும் இந்தத் தந்திரம் பலிப்பதில்லை. ஒரு வாய் காப்பியில் போட்ட சர்க்கரை படத்தைக் கெடுத்துவிடலாம்.

காந்தமும் இரும்பும்

இன்னொரு வழி காந்தத்தால் வந்தது. 1973-ல் லாட்டர்பர் காட்டிய வழியில் வளர்ந்ததுதான் எம்.ஆர்.ஐ. அது உடலில் உள்ள நீரைப் பார்க்கும் கருவி என்று சொன்னால் பெரிய தப்பில்லை. செல்சஸ் சொன்ன வீக்கம் என்பது நீர்தானே. மாரடைப்புக்குப் பின் இதயச் சுவரில் ஊறிய நீரை எம்.ஆர்.ஐ. ஒளிரும் பட்டையாகக் காட்டுகிறது. காடோலினியம் என்ற மருந்தைச் செலுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துப் படமெடுத்தால், நல்ல சதையிலிருந்து மருந்து வடிந்துபோயிருக்கும். செத்த சதையிலும் தழும்பிலும் தங்கியிருக்கும். எந்தச் சதை செத்தது, எது மயங்கிக் கிடக்கிறது என்பதை இதனால் பிரித்தறியலாம் என்று 2000-க்குப் பிறகு நன்றாக நிலைபெற்றது.

எனக்கு மிகவும் பிடித்தது எடின்பர்க்கில் செய்தது. இரும்புச் சத்துக் குறைவுக்குத் தரப்படும் மிக நுண்ணிய இரும்புத் துகள் மருந்தொன்றை, 2012-ல் மாரடைப்பு வந்தவர்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். மேக்ரோஃபேஜ்களுக்கு எதைக் கண்டாலும் விழுங்கும் குணம் உண்டு, துகள்களையும் விழுங்கின. இரும்பு விழுங்கிய செல்கள் கூடிய இடம் காந்தப் படத்தில் தனியாகத் தெரிந்தது. மெச்னிகோஃபும் தம் செல்களுக்கு கார்மைன் என்ற சிவப்புச் சாயத்தைத் தின்னக் கொடுத்து, அது உள்ளே போவதைப் பார்த்தவர். நூற்று முப்பது வருடம் கழித்தும் தந்திரம் அதேதான். சாயம் மட்டும் இரும்பாயிற்று.

இதற்கிடையே 2007-ல் பாஸ்டனில் நாரென்டார்ஃபும் சகாக்களும் சுண்டெலிகளில் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டார்கள். இதயத்துக்கு வரும் மோனோசைட் என்ற அணுக்கள் இரண்டு அணியாக வருகின்றன. முதல் சில நாள் வருபவை இடிப்பவை, அள்ளுபவை. அதன் பிறகு வருபவை ஆற்றுபவை, நார் நெய்ய உதவுபவை. ஒன்று போய் அடுத்தது வந்தால்தான் வேலை ஒழுங்காக முடியும். இரண்டு வருடம் கழித்து அவர்களே, இந்த ஆட்களில் பலர் மண்ணீரலில் காத்திருந்து அழைப்பு வந்ததும் புறப்படுவதைக் காட்டினார்கள். இதயத்தில் காயம், மண்ணீரலில் ஆள்சேர்ப்பு!

மனிதர்களிடம்? 2016-ல் மியூனிக்கில், மாரடைப்பு வந்து அடைப்பு நீக்கப்பட்டவர்களை ஐந்தாம் நாள் வாக்கில் சர்க்கரைப் படமும் காந்தப் படமும் ஒரே கருவியில் எடுத்துப் பார்த்தார்கள். காயத்தில் ஒளிர்வு அதிகமாக இருந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்து இதயத்தின் இறைக்கும் திறன் குறைவாகத் தேறியிருந்தது. ஹனோவரில் வேறொரு அடையாளப் பொருளை வைத்துப் பார்த்ததில், ஒரே மாதிரி மாரடைப்பு வந்தவர்களுக்கும் அழற்சி ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவது தெரிந்தது. நெருப்பு எல்லோர் நெஞ்சிலும் ஒரே அளவில் எரிவதில்லை.

செங்காந்தளின் பங்கு

இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மருந்துக் கதையைப் பார்த்தால் விளங்கும்.

2017-ல் வந்த கேண்டோஸ் ஆய்வில் முன்பு மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்க்கப்பட்டார்கள். அழற்சியின் ஒரே ஒரு சமிக்ஞையை மட்டும் தடுக்கும் விலை உயர்ந்த ஊசி மருந்து, மறுபடி வரும் இதய விபத்துகளைச் சுமார் 15 சதவீதம் குறைத்தது. கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சிறிது கூடின. மெச்னிகோஃபின் ஆட்களைக் கட்டிப்போட்டால் கிருமி உள்ளே வரும் அல்லவா?

பிறகு மலிவான மருந்து ஒன்று வந்தது: கவுட் என்னும் மூட்டு வீக்கத்துக்குத் தரும் கோல்ச்சிசின். இதன் கதையிலும் பிரெஞ்சுக்காரர்கள் உண்டு. 1820-ல் பெல்த்தியே, கவாந்து என்ற இருவர், கொய்னாவைப் பிரித்தெடுத்த அதே வருடம், கோல்ச்சிக்கம் என்ற செடியிலிருந்து இதைப் பிரித்தார்கள். நமக்கும் இதில் உறவு உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளிலும் இதே பொருள் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் பயிரிட்டு அதன் விதையை மருந்துக்காக வெளிநாட்டுக்கும் அனுப்புகிறார்கள்.

2019-ல் மொன்ரியாலிலிருந்து நடத்தப்பட்ட கோல்காட் ஆய்வில், மாரடைப்பு வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 4,745 பேரில் பாதிப்பேருக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் கோல்ச்சிசின் தரப்பட்டது. இதய விபத்துகள் 7.1 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைந்தன. எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2024-ல் 7,062 பேரிடம் நடந்த இன்னொரு பெரிய ஆய்வில் அதே மருந்தால் பலன் ஏதும் தெரியவில்லை.

ஏன் இந்த முரண்? விளக்கங்கள் பல. ஆனால் இரண்டு ஆய்விலும் நெஞ்சில் தீ அடங்கியவருக்கும் அடங்காதவருக்கும் ஒரே மாத்திரையைத்தான் கொடுத்தார்கள் என்பது என் கண்ணில் படுகிறது. எரிவது எவருக்கு, எத்தனையாம் நாள், எவ்வளவு என்று பார்த்துக் கொடுத்தால் கணக்கு மாறக்கூடும். இந்தப் படங்களின் மேல் ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் நம்பிக்கை அதுதான். 1976-ல் இல்லாதது மருந்தல்ல, கண்.

வாசக நண்பர்களுக்கு மூன்று வார்த்தை. மாரடைப்பு வந்தவர்களுக்கு அழற்சியைப் படமெடுப்பது பெரும்பாலும் இன்னமும் ஆராய்ச்சிக் கூடத்து வேலை. டாக்டரிடம் போய் எனக்கு பெட் ஸ்கேன் எடுங்கள் என்று அடம்பிடிக்க வேண்டாம். எக்கோவும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யும் எதற்குப் போதும் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவது, செங்காந்தள் கிழங்கை யாரும் நாட்டு மருந்து என்று தொட வேண்டாம். அது கொடிய நஞ்சு. அதைத் தின்று உயிர் விட்டவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். மாத்திரையில் இருப்பது அளந்து வைத்த அரை மில்லிகிராம்.

மூன்றாவது நம் வயதினருக்கு மிகவும் தேவையானது. மாரடைப்பு வந்தவர்கள் முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் வலி மாத்திரைகளில் பல, அழற்சியை அடக்கும் வகையைச் சேர்ந்தவை. இதய நோயாளிகளுக்கு அவற்றால், குறைந்த நாள் சாப்பிட்டாலும், ஆபத்து கூடுகிறது என்று டென்மார்க்கில் 2011-ல் பெருந்திரளானவர்களின் பதிவேடுகளை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின் வேறு, அதை நிறுத்தக் கூடாது. மற்றதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. எனக்கு நான்கு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தபோது இதைச் சொல்லிக் கொடுத்தவர் ஓர் இளம் நர்ஸ். வீட்டுக்குப் போகும் நாளில், "தாத்தா, வலி மாத்திரை மட்டும் நீங்களா வாங்காதீங்க" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அன்று அதன் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஆறுவதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் உள்ளே வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை விரட்டவும் கூடாது, தங்கவிடவும் கூடாது. மெஸ்ஸினாவில் ஒருவர் அவர்களை முதன்முதலில் இனங்கண்டுகொண்டார். இன்று நம் நெஞ்சுக்குள்ளேயே அவர்களைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். எப்போது அவர்களிடம் "போதும், நீங்கள் போகலாம்" என்று சரியான நாளில் சொல்லத் தெரிகிறதோ, அப்போதுதான் இந்த வரலாற்றின் அடுத்த அத்தியாயம் தொடங்கும்.